வெறும் வட்டம்

அந்தக் கணக்கு டீச்சரால் நான் கிழித்துப் போட்ட ஸ்டென்சில் தாள்களுக்கு ஓர் அளவே கிடையாது. இன்று நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஓர் இடைநிலைப் பள்ளி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எங்கள் ரப்பர் எஸ்டேட் லயத்தில் பால்மரம் வெட்டப் போகாமல், காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பள்ளியின் பரீட்சைத் தாள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். மெழுகு பூசிய மெல்லிய தாளில் டைப் அடித்தால் எழுத்து விழுந்த இடம் வெட்டுப்படும். அதை உருளையில் மாட்டிச் சுற்றினால் அந்த வெட்டு வழியாக மை இறங்கி வெள்ளைத் தாளில் எழுத்தாகும். சரித்திரமோ, புவியியலோ, மலாயோ, எதுவானாலும் மடமடவென்று அடித்துத் தள்ளிவிடுவேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துக் கணக்கு வந்தால் மட்டும் காலையிலேயே தலைவலி ஆரம்பித்துவிடும்.

ஏனென்றால் கணக்கில் படம் வரும். படத்தை டைப் அடிக்க முடியாது. ஊசிமுனைப் பேனாவால் கையாலேயே கீற வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும், கொஞ்சம் தளர்ந்தால் கோடு விழாது. இந்த லட்சணத்தில் டீச்சர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். முப்பதைத் தாண்டிய வயசு, நல்ல உயரம், ஒல்லி. எப்போதும் கஞ்சி போட்ட வாயில் சேலை.

"பைய மா. கையைத் தூக்காத. இந்தக் கோடு இங்கருந்து அங்க வரைக்கும் ஒரே கோடு."

"கை வலிக்குது டீச்சர்."

"வலிச்சாலும் தூக்காத. நீ தூக்கினா அங்க கோடு அந்துபோச்சுன்னு பிள்ளைங்க எழுதிருவாங்க. எங்க தூக்கணுமோ அங்க நான் சொல்றேன்."

சொல்வார். அதுவும் எப்படி? "இங்க ஒரு வெறும் வட்டம் போடு. சின்னதா. உள்ள வெள்ளையா இருக்கணும்." அதற்குப் பக்கத்திலேயே மறுபடி கோடு தொடரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோடு நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் எதற்கு ஒரு வட்டம்? என்ன அழகுக்கா?

அவரைப் பற்றிப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே, கிள்ளானில் ஒரு வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிய புருஷன் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போலீசில் சொல்லியாயிற்று, ஆஸ்பத்திரிகளில் கேட்டாயிற்று, அவருடைய சொந்தக்காரர்களிடம் போய் நின்றாயிற்று. சிங்கப்பூரில் பார்த்தேன் என்றார்கள் சிலர். கப்பலில் ஏறிவிட்டார் என்றார்கள் சிலர். செத்திருப்பார் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. டீச்சர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு, பாசாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, அதில் அவர் ஒருத்தி. இருக்கிறாரா, இல்லையா? அவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். அது தெரியாமல் ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அந்த மனுஷிக்கு இருந்த பிடிவாதம் இருக்கிறதே, அப்பப்பா! மார்க்கு விவகாரத்திலேயே அது தெரிந்துவிடும். ஒரு மாணவன் காய்ச்சலில் கணக்குத் தேர்வுக்கு வரவில்லை. வராதவனுக்கு முட்டை போடுவது வழக்கம். நானும் சைபரைத் தட்டி வைத்தேன். டீச்சர் தாளைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"இது என்னா?"

"வரலையே டீச்சர். அப்ப சைபர்தானே?"

"வந்து ஒண்ணுமே எழுதலன்னாதான் சைபர். இவன் வரவே இல்ல. சைபர்னு போட்டா இவன் கணக்குத் தெரியாதவன்னு ஆயிரும். நமக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஒரு கோடு போட்டு விடு. போதும்."

போதும் என்று அவர் சொல்லிவிட்டார், திரும்ப முழுத் தாளையும் அடித்தது நான். அலமாக், அன்றைக்கு அவரை நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. கோழிப் பிரட்டலும் சோறும் கட்டி வந்து அலுவலகத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்த வெறும் வட்டம் எதுக்கு டீச்சர்? என் உயிர வாங்குது" என்று கேட்டேவிட்டேன்.

அவர் பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். x² − 4, அதை x − 2 ஆல் வகுக்க வேண்டும். "எக்ஸுக்கு 1.9 போட்டுப் பாரு. விடை 3.9. இன்னும் கிட்ட போ, 1.99 போடு. 3.99. அந்தப் பக்கத்துலருந்து வா. 2.01 போட்டா 4.01. ரெண்டு பக்கமும் எங்க போவுது?"

"நாலுக்குத்தான்."

"சரி. இப்ப ரெண்டே போடு."

போட்டேன். மேலேயும் சைபர், கீழேயும் சைபர். "சைபர வச்சு வகுக்க முடியாதே டீச்சர்."

"அதான். கோடு ரெண்டு பக்கமும் நாலு நாலுன்னு ஓடி வருது. ரெண்டுல போய் நின்னா அங்க ஒண்ணும் இல்ல. அங்கதான் வெறும் வட்டம்."

"ஒரு புள்ளிதானே! நாலுன்னே வச்சுக்குங்களேன்."

"நீ வச்சா அது உன் நாலு மா. கணக்கோட நாலு இல்ல."

பிறகு சோற்றுக் கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினார். "மூணு கேள்வி கேக்கணும். ரெண்டு பக்கமிருந்து வந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருதா? அந்த இடத்துல ஆள் இருக்கா? நாம வந்த இடமும் ஆள் இருக்கற இடமும் ஒண்ணா? மூணுக்கும் ஆமான்னா அது தொடர்ச்சி. மலாயில செலஞ்சார். ஒண்ணு இல்லன்னாலும் அந்துபோச்சு."

எனக்கு உடனே எங்கள் எஸ்டேட் ஞாபகம் வந்தது. "எங்க லயத்துல சாயந்தரம் இன்ஜின் போடுவாங்க டீச்சர். அதுவரைக்கும் கும்மிருட்டு. போட்டதும் எல்லா வீட்லயும் பளீர்னு லைட்டு. நடுவுல கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் வராது. அதுவும் அந்துபோனதுதானே?"

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் யோசிக்கலையே இத! இந்தப் பக்கம் வந்தா இருட்டு, அந்தப் பக்கம் வந்தா வெளிச்சம். ரெண்டும் ஒண்ணு சேராது. அதுக்குப் பேரு தாவல்." மறுநாளே அதை வகுப்பில் சொன்னாராம், என் பெயரையும் சொல்லி. ஆறாம் படிவத்துப் பையன்கள் என்னைக் கண்டால் "அக்கா, இன்ஜின் போட்டாச்சா?" என்று கிண்டல் பண்ணத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே பெருமைதான்.

ஆனால் வட்டம் என்னை விட்டபாடில்லை. அந்த வருஷத்துத் தேர்வில் ஒரு கேள்வி: படத்தில் உள்ள சார்பு தொடர்ச்சியானதா, காரணம் கூறு. நான் ஊசியைப் பிடித்து வட்டத்தை அழகாக, முழுசாகச் சுற்றி முடித்தேன். அப்படிச் சுற்றினால் நடுவிலிருக்கும் துணுக்கு பிடிப்பில்லாமல் கழன்று விழுந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? விழுந்துவிட்டது. அந்த ஓட்டை முழுக்க மை இறங்கி, வெறும் வட்டம் எல்லாத் தாளிலும் கொழுகொழுவென்று கறுப்புப் புள்ளியாக நின்றது. நான் வேறு, பளிச்சென்று விழுந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, கட்டிக் கொடுத்துவிட்டேன்.

தேர்வு தொடங்கிச் சற்று நேரத்தில் டீச்சர் அலுவலகத்துக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். "பிளேடு இருக்கா மா?" என்றார். மேசை இழுப்பறையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். பிளேடை வாங்கிக்கொண்டு போனவர் மேசை மேசையாகக் குனிந்து, ஒவ்வொரு தாளிலும் அந்தப் புள்ளியின் நடுவைச் சுரண்டி வெள்ளையாக்கினார். துணைத் தலைமையாசிரியர் மலாயில் கேட்டார், கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போட்டால் போதாதா என்று. தப்பான படத்தைப் பார்த்துக்கொண்டு சரியான பதிலை எப்படி எழுதுவார்கள் என்று இவரும் மலாயிலேயே திருப்பிக் கேட்டாராம். 

என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். சாயங்காலம் வந்து, மை அப்பிய விரல்களோடு என் எதிரில் உட்கார்ந்தார். "இனிமே வட்டத்த முழுசா மூடாத. ஒரு முடி அளவு விட்டுட்டுச் சுத்து. நடுவுல உள்ளது அதப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சில சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். என் பஸ் வரும்வரை பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். பேசுவது பெரும்பாலும் நான். அவர் பேசும்போது ஒன்று கவனித்தேன். வீட்டு முன்னால் ஏதாவது மோட்டார் சைக்கிள் மெதுவானால் பேச்சு அப்படியே பாதிச் சொல்லில் நிற்கும். சத்தம் தாண்டிப் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார், ஒன்றும் நடக்காதது போல. பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் ஏற்றி வரும் ஆட்கள் அந்தத் தெருவில்தான் போவார்கள். எத்தனை தரம் நிற்கும் அந்தப் பேச்சு! ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். "வேணாம் மா, காத்து வரட்டும்" என்று மறுபடி திறந்துவிட்டார்.

எங்கள் பள்ளிக் கேன்டீனை நடத்திய அக்காவுக்கு டீச்சர் மேல் உயிர். தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கட்டாயம் வரச் சொன்னார். பாலாய் ராயா பொது மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆலத்தி சுற்ற இரண்டு சுமங்கலிகள் வேண்டும். கேன்டீன் அக்கா டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க டீச்சர், நீங்களும் நானும் சுத்துவோம்."

மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி தட்டை நகர்த்திக்கொண்டாள். "அவங்க வேணாம்லா. புருசன் இல்லாதவங்க."

 டீச்சர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் பேசினார். "இல்லாதவன்னு சொல்லாதீங்கம்மா. இருக்காரா இல்லையான்னு தெரியாதவ. அதனால வேணாம்னா சரி, நான் சுத்தல. ஆனா இல்லன்னு சொல்லி வேணாங்காதீங்க."

சொல்லிவிட்டு நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்தார். ரசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்த அம்மாளைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. பக்கத்தில் இவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

திரும்பி நடக்கும்போது கொட்டித் தீர்த்துவிட்டேன். "ஏன் டீச்சர் இப்படி நடுவுல நிக்கிறீங்க? இருக்காருன்னு சொல்லிட்டா நீங்க சுமங்கலி. இல்லன்னு சொல்லிட்டா வேற ஒருத்தரக் கட்டிக்கலாம். ரெண்டுல ஒண்ணச் சொல்லித் தொலைங்களேன்!"

அவர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா மா?" என்றார்.  

கேன்டீன் அக்கா சும்மா இருக்கிற ஆளில்லை. பத்தாங் காலிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு அவரை வரவழைத்து, கூடாரத்தில் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் டீச்சர் என்னிடம், "நான் பேசும்போது அவரு குறுக்கப் பேசல மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் ஓடியது. அவருக்கும் ஆசை இருந்தது, நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராணி தன் அக்காவோடு முறையாகப் பெண் பார்க்க வருவதாக முடிவானது. முதல் நாள் கேன்டீன் அக்கா ரகசியம் போலச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். அவங்க அக்காக்காரி அப்பத்தான் ஒத்துக்குவா. நீங்க வாயத் தொறக்காம இருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

"அது எப்படிக்கா?"

"எப்படின்னா? எத்தன வருசம்லா! உசிரோட இருந்தா வந்திருக்க மாட்டாரா?"

 ஞாயிறு மத்தியானம் நான் வடை சுட்டுக் கொடுக்கப் போனபோது நீலத்தில் ஒரு புதுச் சேலை கட்டியிருந்தார். "நல்லா இருக்கா மா?" என்று கேட்டார். அதுவரை சேலையைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். நல்லா இருக்கு டீச்சர், ரொம்ப நல்லா இருக்கு என்றேன். "அவங்க வந்ததும் நானே சொல்லிருவேன்" என்றார். "சொன்னப்புறம் எழுந்து போனா போகட்டும்." ஐயோ, வேண்டாமே என்று இருந்தது எனக்கு.

வந்தார்கள். கிராணி வெள்ளைச் சட்டையில், தலையை அழுந்தச் சீவி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தேநீர் வைத்தேன். கேன்டீன் அக்கா ஏதோ பேச்சை ஆரம்பிக்கப் போனார், டீச்சர் முந்திக்கொண்டார்.

"உங்ககிட்ட என் வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு சொல்லியிருப்பாங்க. அது எனக்குத் தெரியாதுங்க. போனாரு, வரல. அவ்ளோதான் எனக்குத் தெரியும். அத மறைச்சு வச்சு நான் வர முடியாது."

கிராணியின் அக்கா விருட்டென்று நிமிர்ந்தார். கேன்டீன் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். கிராணி மட்டும் அசையவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார்.

"சாகலைங்க டீச்சர்" என்றார்.

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"கல்யாணம் பதியறதுன்னா செத்தத நிச்சயம் பண்ணிக்கணுமேன்னு நான் விசாரிச்சேன். உங்க வீட்டுக்காரரோட எஸ்டேட்டுக்காரர் ஒருத்தர் அவரு இருக்கற இடத்தச் சொன்னாரு. யாரோ சொல்லி நீங்க கேக்கறது சரியில்ல, நானே வந்து சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் வந்தேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"கண்ணால பாத்தேன்."

"எங்க?"

"ரவாங்ல. ஒரு டயர் கடையில இருக்காரு."

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்காரா?"

கிராணி தலையைக் குனிந்துகொண்டார். "நல்லா இருக்காருங்க. குடும்பம் இருக்கு. ஒரு பொம்பளப் பிள்ளை."

தெருவில் ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். 

"ரவாங்குக்கு இந்த வழியாத்தான் பஸ் போவுது" என்றார் டீச்சர். "தினம் போவுது."

முதலில் சுதாரித்தது கிராணியின் அக்காதான். "அப்ப என்னாம்மா, கோர்ட்டுல எழுதி வாங்கிட்டா முடிஞ்சிச்சு. தப்பு அவன் பேர்லதானே?" என்றார். கேன்டீன் அக்காவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அதச் சொல்லுங்க! கடவுளாப் பாத்து வழி விட்டிருக்காரு" என்று என் தொடையைக் கிள்ளினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

கிராணி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டம் டீச்சர். நான் காத்திருப்பேன்."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னீங்க. ரொம்பப் பெரிய உபகாரம்" என்றார் டீச்சர். எழுந்து நின்று கையைக் கூப்பினார். "ஆனா காத்திருக்காதீங்க. இத்தன வருசமும் நான் தனியா இல்லீங்க. வருவாரா மாட்டாரான்னு நெனச்சிக்கிட்டே சமைச்சேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். இன்னிக்கிதான் நான் தனியாளா ஆயிருக்கேன். அது எப்படி இருக்கும்னே எனக்கு இன்னும் தெரியல. அது தெரியாம உங்ககிட்ட ஆமான்னு சொல்ல முடியாது."

கிராணி மீதித் தேநீரையும் குடித்துவிட்டு, வடை நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கேன்டீன் அக்கா, "இப்படியும் ஒரு பொம்பளையா" என்று அழுதுகொண்டே அவர்கள் பின்னால் ஓடினார்.

நான் தம்ளர்களைக் கழுவினேன். டீச்சர் துடைத்து அடுக்கினார். வெளியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள்; அவர் தலை திரும்பவில்லை. என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"இன்னிக்கி இங்கயே படுத்துக்கறியா மா?" என்றார்.

துணைக்கு இரு என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. "படுத்துக்கறேன் டீச்சர். எதிர்க்கடையில போன் இருக்கு, எஸ்டேட் ஆபீசுக்குப் போட்டு அப்பாகிட்ட சொல்லச் சொல்றேன்" என்று பையைக் கழற்றிக் கீழே வைத்தேன். எனக்குப் பாய் எடுத்து வருகிறேன் என்று அறைக்குள் போனார். போனவர் வரவில்லை.  எட்டிப் பார்த்தால், அந்த நீலச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, சுருட்டிய பாயை மார்போடு கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.